மண்ணும் மாந்தரும்



மண்ணைப் பற்றிச் சில செய்திகள் கூற விழைகின்றோம். ஒன்றுக்கும் உதவாததை 'மண்' என்று பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. பிள்ளை படிக்கவில்லையெனில் அவன் மூளையில் மண் இருக்கிறதென்கிறோம். எடுத்த காரியம் கெட்டால் மண்ணாய்ப் போயிற்று என்கிறோம். ஆயினும், மண்ணால் உண்டு, மண்ணால் உடுத்து, மண்ணால் எழுத்தறிவு பெற்றவர்கள் நாம். நம் முன்னோர் கடல் கடந்து வந்தது இந்நாட்டு மண்ணில் உழைப்பதற்கே. ஆதலின், மண்ணின் வரலாறு நம் குடும்ப வரலாறே எனலாம்.

நிலம் எவ்வாறோ அவ்வாறே தொழில் என்பதைப் பழந்தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். மலையைக் குறிஞ்சி என்றும், காட்டை முல்லை என்றும், வயலை மருதம் என்றும், கடற்கரையை நெய்தல் என்றும் வகுத்து, ஒவ்வொரு நிலத்து மக்களின் தொழிலையும் உணவையும் அவ்வந்நிலத்தோடு சேர்த்தே தொல்காப்பியர் கூறினார். பாலை என்பதைத் தனியொரு நிலமாக இளங்கோவடிகள் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலையாகிறது என்றார். நிலம் மாறக் கூடியது என்னும் உண்மை இதனுள் அடங்கியுள்ளது. கதிரவனின் வெம்மையால் மட்டுமன்றி, மனிதன் கைபட்டும் நிலம் மாறும். நல்லதாகவும் மாறும், கெட்டதாகவும் மாறும். இவ்வுண்மையை நாம் வாழும் மலேசிய மண்ணிலேயே காண்போம்.

செம்மண் பிறந்த கதை

தீபகற்ப மலேசியாவின் நடுவே முதுகெலும்புபோல் நிற்பது தித்திவங்சா மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய கோர்பு மலை 2,183 மீட்டர் உயரமுடையது. இம்மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு, மெல்ல மெல்ல ஆறி இறுகிக் கருங்கல்லாயிற்று. மேலே மூடியிருந்த பாறைகள் காலப்போக்கில் தேய்ந்து அழிய, அக்கருங்கல் வெளிப்பட்டு மலையாய் நிற்கின்றது.

இங்கே வெயிலுக்கும் குறைவில்லை, மழைக்கும் குறைவில்லை. நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வெம்மையும் ஈரமும் ஒன்றுகூடிக் கல்லையும் உளுக்கச் செய்கின்றன. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பயிருக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. எளிதில் கரையாத இரும்பு மட்டும் தங்கித் துருவேறுகிறது. நம் தோட்டத்துச் சாலைகளிலும், வெள்ளைச் சட்டையிலும், காலணியிலும் ஒட்டிக்கொண்டு தாய்மாரைச் சலிப்படையச் செய்யும் அச்சிவப்பு நிறம் இரும்புத் துருவின் நிறமேயாகும்.

இத்தகைய மண்ணில் இரும்பு மிகுந்து இறுகிய பகுதி செம்புரைக்கல் எனப்படும். அதனை ஆங்கிலத்தில் 'லேட்டரைட்' என்பர். அப்பெயரைச் சூட்டியவர் பிரான்சிஸ் புக்கானன். கேரளத்து மலபார்ப் பகுதியில் மக்கள் இக்கல்லைச் செங்கல்போல் வெட்டி வீடு கட்டுவதைக் கண்டு, 1807இல் வெளிவந்த தம் நூலில் இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கி வழங்கினார். நம் தோட்டங்களில் லாரிகள் ஓடத் தக்கவாறு சாலைகளுக்குக் கொட்டப்பட்டதும் இச்செம்புரைக்கல்லே.

மாணவர்கள் அறிந்து மகிழத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. நம் நாட்டு மண் வகைகளுக்கு மண்ணியல் அறிஞர்கள் ஊர்ப்பெயர்களையே இட்டுள்ளனர். கருங்கல் உளுத்துப் பிறந்த ஆழமான மண் ஒன்றுக்கு 'ரெங்கம்' என்று பெயர். அது ஜொகூரிலுள்ள ஓர் ஊர். மணற்பாறையிலிருந்து பிறந்த மண்ணுக்குச் 'செர்டாங்' என்றும், கடலோரக் களிமண் ஒன்றுக்குச் 'சிலாங்கூர்' என்றும் பெயர். மனிதருக்கு ஊர்ப்பெயர் அமைவதுபோல் மண்ணுக்கும் அமைந்துள்ளது.

நாம் ஏன் இங்கே பிறந்தோம்?

நம்மில் பலர் இன்ன தோட்டத்தில் பிறந்தோம் என்கிறோமே, அத்தோட்டம் ஏன் அந்த இடத்தில் அமைந்தது? இக்கேள்விக்கு விடை மண்ணிலேதான் இருக்கிறது.

1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த நாற்றுகளில் 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுட் சில பேராக்கிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். 1896இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் நட்டார்.

ரப்பர் மரம் வளமான மண் வேண்டுமென்று அடம்பிடிப்பதில்லை. மழை கரைத்துச் சத்துக் குறைந்த செம்மண்ணிலும் அது வளரும். ஆனால், வேர் இறங்க ஆழம் வேண்டும். நீர் தேங்காதிருக்க வேண்டும். உயர்ந்த மலையில் சரிவு மிகுதி. கடலோரத்திலோ சதுப்பு மிகுதி. இரண்டிற்கும் இடையே மேற்குக் கரையை ஒட்டி நீளும் மேடுபள்ள நிலமே ரப்பருக்கு ஏற்றதாயிற்று. ஈயச் சுரங்கங்களுக்காகப் போடப்பட்ட இரயில் பாதைகளும் சாலைகளும் அவ்விடையிலேயே ஓடின. அதனால் தோட்டங்கள் அங்கே எழுந்தன. தோட்டம் எழுந்த இடத்தில் லயங்கள் எழுந்தன. லயத்தின் அருகே கோயிலும், பின்னர்த் தமிழ்ப்பள்ளியும் எழுந்தன. கெடா முதல் ஜொகூர் வரை தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் மேற்குப் பக்கமாகவே வரிசைகொண்டு நிற்பதன் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ? மலையும் மண்ணும் முடிவு செய்த இடத்தில் நாம் பிறந்தோம்.

கைகள் மாற்றிய நிலம்

நிலம் நம்மை இருத்திய கதை இது. நாம் நிலத்தை மாற்றிய கதையும் உண்டு.

காட்டை அழித்து ரப்பர் நட்ட தொடக்க நாள்களில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது துரைமார்களின் கொள்கை. துப்புரவாகக் களையெடுத்த காடே சிறந்த காடு என்று கருதப்பட்டது. மூடுவார் இல்லாத மண்மேல் மழை நேரே அடித்தது. மேல்மண் கரைந்து ஓடையிற் சென்றது. காடு பல நூறு ஆண்டுகளாய்ச் சேர்த்த இலைமக்கைச் சில மழைக்காலங்கள் கொண்டுபோயின.

பின்னரே அறிவு பிறந்தது. 1920, 1930ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் மூடுபயிர்க் கொடிகள் பரவலாயின. 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் மண் காக்கும் முறைகளை ஆராய்ந்தது. மூடுபயிர் அவரை இனத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. கொடி மண்ணுக்குப் போர்வையாகவும் இருக்கிறது, எருவாகவும் ஆகிறது. இதனுடன், மலைச்சரிவில் ஒரே மட்டமாகப் படிப்படியாய் வரிசை வெட்டுதல், நீரோடு வரும் வண்டல் தங்கக் குழி தோண்டுதல் ஆகியனவும் வழக்கத்திற்கு வந்தன.

நாங்கள் லயத்துப் பிள்ளைகளாயிருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் மறுநடவு நடைபெற்றது. எம் தந்தையார் பால்மரம் வெட்டுபவர். எம் தாயார் வெளிக்காட்டு வேலை செய்பவர். பெரட்டு முடிந்ததும் தாயார் மண்வெட்டியைத் தோளில் இட்டுக்கொண்டு மற்றப் பெண்களுடன் மேட்டுக்காட்டுக்குப் போவார். குன்றைச் சுற்றிக் கயிறு பிடித்து மட்டம் குறித்த இடத்தில் அவர்கள் மண்ணை வெட்டி உட்புறமாகச் சரித்துப் படி அமைத்தனர். படி வெளிப்புறம் சாய்ந்திருந்தால் மழைநீர் வழிந்து கரையை அறுத்துவிடும். உட்புறம் சாய்ந்திருந்தாலோ நீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். இதனை எந்தப் பள்ளிக்கூடமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. காலால் மிதித்துப் பார்த்தே சாய்வைச் சொல்வார்கள்.

விடுமுறை நாள்களில் நாங்கள் சோறு கொண்டுபோவோம். பரவியிருந்த கொடியை விளையாட்டாக இழுத்தால் தாயாருக்குக் கோபம் வரும். கொடியைப் பிடுங்கினால் மண் ஆற்றுக்குப் போய்விடும், பிறகு மரம் எதைத் தின்னும் என்பார். படி வெட்டாத பக்கத்து ஓடை, மழை பெய்தால் பால் கலந்த தேநீர்போல் ஓடும். கொடி மூடிய பக்கத்து ஓடை அத்துணைக் கலங்குவதில்லை. மண்ணரிப்பு என்னும் சொல்லை நாங்கள் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னரே கண்ணால் படித்துவிட்டோம்.

ஈயம் விட்டுச்சென்ற பாலை

எல்லாக் கைகளும் மண்ணைக் காத்தன என்று கூறுவதற்கில்லை. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிற்குச் செல்வோர் இருபுறமும் வெண்மையான சுண்ணாம்புக்கல் குன்றுகளையும், இடையிடையே பெரிய குட்டைகளையும் காண்பர். கருங்கல் மலையில் பிறந்த ஈயத்தாதுவை ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தாக்கில் சேர்த்தன. தாது கனமானது, ஆதலின் கீழே தங்கிற்று. அதனை எடுக்க மேல்மண்ணை நீரால் பீய்ச்சிக் கரைத்தனர். பின்னர் மாபெரும் கப்பல்களை மிதக்கவிட்டு அகழ்ந்தனர். பெண்கள் ஆற்றில் நின்று டூலாங் தட்டில் மண்ணை அலசித் தாது எடுத்தனர். இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் உலகிலேயே மிகுதியாக ஈயம் தந்த நாடு நம் நாடே. அச்செல்வத்தால் ஈப்போவும் தைப்பிங்கும் கோலாலம்பூரும் நகரங்களாயின.

ஆனால், தாது போனபின் எஞ்சியது யாது? மணலும் சேறும் குட்டையுமே. மண்ணில் மணலும் வண்டலும் களியும் கலந்திருந்தால்தான் பயிர் வளரும். அலசிய மண்ணிலோ மணல் ஒருபுறமும் சேறு ஒருபுறமுமாகப் பிரிந்துவிடுகின்றன. மணலில் நீர் நிற்பதில்லை. சேற்றில் வேர் மூச்சுவிடுவதில்லை. மழை வளமுள்ள நாட்டிலே மனிதன் உண்டாக்கிய பாலை அது.

ஆற்றில் போன மண் எங்கே போகும்? சிலாங்கூரிலுள்ள பழைய கோலகுபு நகரம் இதற்குச் சான்று. 1883இல் அங்கே பழைய அணையொன்று உடைந்து உயிர்கள் பலவற்றை வாரிச்சென்றது. அதன் பின்னரும் ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் எடுக்கக் கரைத்த மண் ஆற்றுப்படுகையில் படிந்துகொண்டே வந்தது. படுகை உயர்ந்தது; வெள்ளம் ஓயாமல் ஊருக்குள் புகுந்தது; தெருக்களில் மணல் ஏறிற்று. இறுதியில் ஊரையே மேட்டு நிலத்திற்கு மாற்ற நேர்ந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி எழுந்த அப்புதிய ஊரே இன்றைய கோலகுபு பாரு. மேலே ஒருவர் வெட்டிய மண் கீழே மற்றொருவர் வீட்டு வாசலை மூடும் என்பதற்கு இதனினும் வேறு பாடம் வேண்டுமோ?

1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. எனினும், கெட்ட நிலத்தையும் மனிதன் திருத்தலாம். 1880இலேயே தைப்பிங்கில் கைவிடப்பட்ட சுரங்க நிலத்தை அழகிய ஏரிப் பூங்காவாக்கினர். பிற இடங்களில் குட்டைகளில் மீன் வளர்த்தனர். கரையில் வாத்து வளர்த்தனர். எருவிட்டுப் பழமரம் நட்டனர். பண்டார் சன்வே என்னும் நகர்ப்பகுதியும் பழைய ஈயக்குட்டை நிலத்தில் எழுந்ததே. கெடுப்பது எளிது, திருத்துவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

கடலோரமும் மலையுச்சியும்

கிள்ளான், கோலசிலாங்கூர், கேரித்தீவு முதலிய கடலோரப் பகுதிகளில் மண் வேறு. அது கடல் கொண்டுவந்து சேர்த்த களிமண். அங்கே கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பி, கால்வாய் வெட்டி நீரை வடித்த பின்னரே பயிர் செய்ய இயன்றது. முழங்கால் சேற்றில் நின்று வெட்டியவர்களுள் நம்மவர் பலர். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைக் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அமைத்தார். அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'! அப்பெயரில் தமிழ் ஒலிப்பதைக் காண்க.

கடலோரக் களிமண்ணை அளவறிந்தே வடிக்க வேண்டும். நீருக்கடியில் உள்ளவரை அம்மண்ணின் சில பகுதிகளிலுள்ள கந்தகம் உறங்குகிறது. நீரை மிகுதியாக வடித்துக் காற்றுப் பட்டால் அது திராவகமாக மாறிப் பயிரைக் கருக்கும். ஓடையில் மீனும் மாளும். ஆழ்ந்த கரிச்சதுப்பு நிலமோ, நீர் வடிந்தால் சுருங்கித் தாழ்ந்துபோகும். காய்ந்தால் தீப்பற்றி அடியிலேயே புகையும். நிலத்தின் இயல்பை அறியாமல் உழைத்தால் உழைப்பே பகையாகிவிடும்.

மலையுச்சியிலும் இதே நீதியே. கேமரன் மலையை 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்தார். 1929இல் அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. நம்மவர் அச்சரிவுகளில் செடி நட்டுக் கொழுந்து எடுத்தனர். அடர்ந்த தேயிலைச் செடி மண்ணைக் கம்பளம்போல் மூடிக் காக்கிறது. ஆனால், சரிவை வெட்டித் திறந்துபோட்ட இடங்களிலிருந்து மண் கரைந்து, 1963இல் கட்டி முடிக்கப்பட்ட ரிங்லெட் அணையின் நீர்த்தேக்கத்தில் படிந்துவந்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெருமழை பெய்து அணைநீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிளாங்கில் மலைச்சரிவின் அடியில் நின்ற அடுக்குமாடி ஒன்று மண்சரிவால் சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். அவற்றை எண்ணும்போது, காலால் மிதித்துச் சாய்வறிந்த எம் தாயாரின் தோழியர் நினைவுக்கு வருகின்றனர்.

இன்று நம் கையில் உள்ளது

நாங்கள் பிறந்த தோட்டம் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. நிலம் கைமாறியபோது மரங்களை எண்ணினார்கள்; ஏக்கரை அளந்தார்கள்; வீட்டைக் காலி செய்யும் நாளைக் குறித்தார்கள். அக்குன்றில் படி வெட்டி மண்ணை நிறுத்தி வைத்த கைகளை எவரும் எண்ணவில்லை. பெண்கள் மாதக்கணக்கில் வெட்டிய படிகளை இயந்திரங்கள் சில நாள்களில் தள்ளி மட்டமாக்கின. அடுத்த மழைக்காலத்தில், தோட்டம் இருந்தவரை வெள்ளம் காணாத தாழ்ந்த நிலத்தில் முழங்கால் அளவு சேறு புகுந்தது. அங்குக் குடியேறிய குடும்பங்களுள் தோட்டத்திலிருந்து பெயர்ந்தோரும் இருந்தனர். தாங்கள் காத்த மண் தங்கள் வீட்டுக்குள்ளே வந்ததைக் கண்டு அவர்கள் அள்ளிக் கொட்டினர்.

வீடு வேண்டாம், சாலை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நம் பிள்ளைகள் நல்ல வீட்டில் வாழவேண்டும் என்பதற்காகவே நம் பெற்றோர் பாடுபட்டனர். ஆனால், வெட்டும் முன் நிலத்தைக் கேட்க வேண்டும். வெட்டிய பின் மண்ணை மூட வேண்டும். நீருக்கு வழிவிட வேண்டும். இம்மூன்றும் தோட்டத்துப் பாட்டிமார் அறிந்தவை. எழுத்தில் பதியாத இவ்வறிவு, அவர்களுடன் மறைந்துபோகும் நிலையில் இருக்கிறது. தோட்டத்து உழைப்பைச் சொல்ல நாணுகின்ற பிள்ளைகள் இன்று நம்மிடையே உண்டு. புல் வெட்டினார்கள், மண் வெட்டினார்கள் என்று தாழ்வாக எண்ணுகின்றனர். அவர்கள் செய்தது மண்ணைக் காக்கும் கலை என்பதை அப்பிள்ளைகள் உணரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாணவர்களே, நீங்களே செய்து பார்க்கத்தக்க சோதனைகள் இரண்டு உள. கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மண்ணும் மீதி நீரும் இட்டு, மூடிக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் அதன்மேல் படியும். களி நெடுநேரம் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளம் வடிந்த பின்னும் ஆறு தெளியாதிருப்பது ஏனென்று அப்போது விளங்கும். அடுத்து, இரண்டு தட்டுகளில் மண்ணிட்டு, ஒன்றில் புல்லை வேரோடு பதித்து, மற்றதை வெறுமனே விட்டு, இரண்டையும் சாய்த்து வைத்துப் பூவாளியால் நீர் ஊற்றுங்கள். வழியும் நீரை இரு குவளைகளில் பிடித்து ஒப்பிடுங்கள்.

அவ்விரு குவளைகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் தாத்தா பாட்டியிடம் காட்டுங்கள். எது ஏன் கலங்கியது என்று கேளுங்கள். அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்தக் காட்டில், என்ன வேலை செய்தார்கள் என்றும் கேளுங்கள். சொல்வதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். இந்நாட்டு மண்ணைப் பற்றிய பாடங்களுள் சில இன்னும் எழுதப்படாமல் இருக்கின்றன. அவற்றை எழுதவேண்டியவர்கள் நீங்களே.